ஆழம் எழுதாத கட்டம்

என் வேலைக்கு வந்திருக்கும் நீங்கள், படகுத் துறை வாசலில் புதிதாக வைக்கப்போகும் பலகைக்கு ஒவ்வொரு வாய்க்காலின் ஆழத்தையும் எழுதித் தரும்படி கேட்டிருக்கிறீர்கள். என்னிடம் இருக்கிறது. 2004இல் வேலைக்கு வந்த வாரத்திலிருந்து இந்த வருடம் ஓய்வு பெற்ற நாள் வரை பதினேழு நோட்டு. பக்கத்துக்கு ஐந்து பத்தி: நேரம், வாய்க்கால் எண், ஆழம், கடலின் ஏற்ற இறக்கம், காற்று. பதினேழையும் உங்களுக்கே கொடுத்துவிடுகிறேன். ஆனால் பலகையில் பெயிண்டால் எழுதுவதற்கு ஒரே ஒரு எண்கூடத் தரமாட்டேன். பிடிவாதம் என்று நினைத்தால் நினைத்துக்கொள்ளுங்கள். காரணத்தைச் சொல்கிறேன். அதைப் படித்த பிறகும் எழுதுவதாக இருந்தால் அந்தப் பலகையில் என் பெயர் வேண்டாம்.

நீர்த்தடம் என்றால் என்ன என்று உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. நான் வந்தபோது எனக்கே விளக்க வேண்டியிருந்தது. கடலூரில் நிலம் அளந்துகொண்டிருந்தவன் நான். பிச்சாவரத்துக்கும் பரங்கிப்பேட்டைக்கும் நடுவில், சுரபுன்னைக் காட்டுக்குள் பிரிந்து பிரிந்து போகிற வாய்க்கால்களைக் காட்டி, "துடுப்புப் போட்டுப் போறவங்க ஆள் துணை இல்லாம, பலகையப் பாத்தே போயிட்டுத் திரும்பணும். அதுக்கு வழி போடுங்க" என்றார்கள், வேலைக்கு எடுத்தவர்கள். அந்த வருடக் கடைசியில் கடல் உள்ளே வந்துவிட்டுப் போனது. எடுத்திருந்த அளவையெல்லாம் மறுபடி எடுத்தேன். இருபத்திரண்டு வாய்க்காலுக்கு எண் கொடுத்தேன். பிரிவுக்கு ஒரு பலகை. எழுத்தெல்லாம் என் கை.

முதல் தப்பு அங்கேயே நடந்தது. பலகைகள் நட்ட மறுநாள் நான்காம் வாய்க்காலில் இறால் தடவிக்கொண்டிருந்த ஒரு பெண் என் படகைப் பார்த்ததும் நிமிர்ந்தார். அவர்கள் இடுப்பளவு தண்ணீரில் குந்தி, இரண்டு கையாலும் சேற்றைத் தடவி இறால் பிடிப்பவர்கள். பிடித்ததைப் போடுகிற பறியின் கயிற்றைப் பல்லில் கடித்திருப்பார்கள். பேச வேண்டுமென்றால் அந்தக் கயிற்றை எடுக்க வேண்டும், அதனால் வீணாகப் பேசமாட்டார்கள். இவர் எடுத்தார்.

"சார், முன்னாடி எழுதியிருக்க. பின்னாடி ஒண்ணுமே இல்லியே. போறவனுக்கு மட்டும்தான் வழியா? வர்றவன் சாவணுமா?"

படகைத் திருப்பிக்கொண்டு போய்ப் பார்த்தேன். ஒவ்வொரு பலகையின் முதுகும் வெறும் மரம். நான் எப்போதும் போகிற திசையிலேயே அளந்து போனேன், திரும்பும்போது நோட்டில் எழுதிக்கொண்டே வந்தேன். திரும்புகிற ஆளின் கண்ணால் நான் பார்க்கவே இல்லை. ஒரு வாரம் உட்கார்ந்து எல்லாப் பலகைக்கும் பின்பக்கம் எழுதினேன்.

அன்றிலிருந்து அவரைக் கேட்காமல் எதையும் நட்டதில்லை. என்னைவிடப் பதினைந்து வயதாவது சின்னவர். பெயரை எழுதவில்லை, அவரே வேண்டாம் என்றுவிட்டார். "எம் பேர நோட்டுல ஏத்தாத சார். அப்புறம் அதுக்கும் ஒரு நம்பர் போட்டுருவ."

இனி முகத்துவாரத்துக்கு வருகிறேன். நம் வாய்க்கால்கள் எல்லாம் கடைசியில் சேர்கிற இடத்தில் கடலுக்கும் நமக்கும் நடுவே ஒரு மணல் மேடு. ஊர்க்காரர்கள் 'வாய்' என்று சொல்லும் இடம். சில மாதம் திறந்திருக்கும். சில மாதம் மணல் தள்ளி மூடிக்கொள்ளும். மூடியிருந்தால் உள்ளே ஏற்றமும் இல்லை, இறக்கமும் இல்லை, தட்டில் ஊற்றிவைத்த மாதிரி தண்ணீர். புதிதாகத் துடுப்புப் பிடிக்கிறவர்களுக்கு அதைவிட நல்ல நாள் கிடையாது. மழை பெய்து உள்தண்ணீர் ஏறி வீட்டு வாசலைத் தொட்டால், மீனவர்கள் மண்வெட்டியோடு போய் மணலை வெட்டி வாயைத் திறந்துவிடுவார்கள். யாரிடமும் அனுமதி கேட்பதில்லை. கேட்க வேண்டியதும் இல்லை, வீடு அவர்களுடையது.

2006 கோடையில் ஒரு முறை, கடல் இறால் உள்ளே வரட்டும் என்று வெட்டினார்கள். நான் கோலோடு நின்று அளந்தேன். தண்ணீர் ஒரு நாளைக்கு ஒரு சாண்தான் இறங்கியது. முழுதாக வடிய இரண்டு நாளுக்கு மேல் ஆயிற்று. நோட்டில் எழுதி அடியில் இரண்டு கோடு போட்டேன்: வாய் வெட்டினால் வடிய இரண்டு நாள்.

ஒரே ஒரு தடவை நடந்தது அது. அழகாக எழுதிக் கோடு போட்டதால் எனக்கு அது சட்டமாகிவிட்டது.

2009. மழைக்காலத்தின் முதல் வாரம். அதற்கு முன் ஆறு வாரம் வாய் மூடியிருந்தது, அதனால் கடலின் ஏற்ற இறக்கத்துக்கான பத்தியில் வெறும் கோடு போட்டுக்கொண்டு வந்தேன். மூன்று நாள் மழையில் உள்தண்ணீர் ஒன்றரை அடி ஏறியது. ஒரு சாயங்காலம் அந்தப் பெண் வேலை முடிந்து நம் துறை வழியாகப் போனவர் நின்றார்.

"நாளைக்குக் காலையில வாய வெட்றாங்க சார். வூட்டுக்குள்ள தண்ணி வந்துருச்சி."

"வெட்டட்டும்மா. வடிய ரெண்டு நாள் ஆவும்."

"யாரு சொன்னா?"

நோட்டைத் தட்டிக் காட்டினேன். அவர் சிரித்துக்கொண்டே போய்விட்டார். அவர் போன பிறகு எழுதினேன்: 'நாளை காலை வாய் வெட்டு.' பேனாவை மூடினேன். எழுதியாகிவிட்டது, வேலை முடிந்தது என்றுதான் அப்போது எனக்குத் தோன்றியது.

மறுநாள் ஒன்பது மணிக்குக் கடலூரில் வங்கியில் வேலை பார்க்கும் ஆறு பெண்கள் வந்தார்கள். அழைத்து வந்தவர் ரெஜினா, நாற்பது வயது, குரலிலேயே மேலாளர். கூட வந்தவர்களில் தனம் என்பவருக்குச் சர்க்கரை. காலை மாத்திரையைப் போட்டுக்கொண்டு இரண்டே இட்லி சாப்பிட்டதாகச் சொல்லிச் சிரித்தார். பன்னிரண்டரைக்குத் திரும்பி வந்து சாப்பிடலாம் என்று சாப்பாட்டுப் பையைத் துறையிலேயே வைத்தார்கள். மூன்று படகு, படகுக்கு இரண்டு பேர். பதினான்காம் வாய்க்கால் வரைக்கும் போகச் சொன்னேன். மழைத் தண்ணீரில் அது நன்றாக நிரம்பியிருந்தது, மரங்கள் இரண்டு பக்கமும் கவிந்து அவ்வளவு அழகாக இருக்கும். பலகையில் நான் எழுதியிருந்த ஆழம் ஒன்றரை அடி. அன்றைக்கு மூன்றடி இருந்தது.

வாய் வெட்டுகிறார்கள் என்று அவர்களிடம் சொல்லவில்லை.

பதினொன்று இருபதுக்கு என் கைபேசி அடித்தது. ரெஜினா.

"சார், தண்ணி கொறையுது."

"எவ்வளவு மேடம்?"

"எவ்வளவுன்னா? படகு தரையில ஒக்காந்துருச்சி சார்! மூணும்! சுத்தி சேறு. நண்டு ஓடுது."

துறையில் கட்டியிருந்த நம் கோலைப் பார்த்தேன். காலையிலிருந்து மூன்றடி இறங்கியிருந்தது. அப்போதுதான் மற்றதெல்லாம் ஞாபகம் வந்தது. முந்தின நாள் அமாவாசை. கடல் பெரிதாக இறங்குகிற நாள். காலையில் ஏற்றம் முடிந்து இறங்கத் தொடங்கிய நேரம் பார்த்து வெட்டியிருக்கிறார்கள், அவர்களுக்குத் தொழில் தெரியும். உள்ளே மழைத்தண்ணீர் மேலே, வெளியே கடல் கீழே. 2006இல் இதில் ஒன்றுகூட இல்லை. என் நோட்டில் எழுதியிருந்த இரண்டு நாள், இரண்டு மணி நேரமாகிவிட்டது.

"சார், கரை தெரியுது. நூத்தம்பது அடிகூட இருக்காது. இறங்கி நடந்துடறோம்."

அந்த நூற்றைம்பது அடி உங்களுக்குத் தெரியும். இறால் குட்டையின் கரைக்கும் பதினான்காம் வாய்க்காலுக்கும் நடுவில் இருக்கும் உளை. மேலே பார்த்தால் பூசி மெழுகிய தரை போல இருக்கும். நின்றால் இடுப்பு வரை இழுக்கும், அசைந்தால் மார்பு வரை.

"இறங்காதீங்க மேடம். ஒருத்தரும் இறங்கக் கூடாது."

"எவ்வளவு நேரம் இங்க ஒக்கார்றது?"

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று கேளுங்கள். 'இதோ, அரை மணி நேரத்தில் வந்துவிடுகிறோம்' என்று சொல்ல என் வாய் திறந்துவிட்டது. எதிரில் பயந்த குரல் கேட்டால் யாருக்கும் அதுதான் வரும். ஆனால் அரை மணி கழித்து ஆள் வராவிட்டால் அவர்கள் இறங்குவார்கள். அப்புறம் நான் எதைச் சொன்னாலும் கேட்கமாட்டார்கள். கையில் இருந்த கடல் அட்டவணையைப் பார்த்தேன்.

"சாயங்காலம் அஞ்சரை வரைக்கும் தண்ணி வராது மேடம்."

அவர் அதைக் கூட இருந்தவர்களிடம் திருப்பிச் சொன்னது கேட்டது.

"என்ன சார் வெளையாடறீங்களா? ஆறு மணி நேரமா?"

"ஆமா. துடுப்பைச் செங்குத்தாப் புடிச்சி சேத்துக்குள்ள அழுத்திப் பாருங்க."

காத்திருந்தேன். பின்னால் யாரோ "அய்யய்யோ" என்றது கேட்டது.

"முழுசாப் போயிருச்சி சார்," என்றார் ரெஜினா. குரல் மாறியிருந்தது. "அடியே தட்டல."

"அதான். படகு மூணையும் பக்கத்து மர வேரோட கட்டுங்க. போனை அணைச்சி வைங்க, சரியா ஒவ்வொரு மணிக்கும் போடுங்க. நான் வர்றேன்."

"தனத்துக்குக் கை நடுங்குது சார். சாப்பிடல. தண்ணி ஒரு பாட்டில்தான் இருக்கு."

தாங்க வேண்டியது ஆறு மணி நேரத்தை அல்ல, தனத்துக்குச் சாப்பாடு போய்ச் சேரும் வரையிலான நேரத்தை என்று அப்போது புரிந்தது.

நசீர் அதற்குள் மோட்டார் படகின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தான். பரங்கிப்பேட்டைக்காரன், சவூதியில் ஒன்பது வருடம் படகு ஓட்டிவிட்டு வந்தவன். பயம் என்பதே இல்லாதவன்.

"பத்து நிமிஷம் சார். பெரிய வாய்க்கால்ல பூந்து எல்லாத்தையும் ஏத்திக்கினு வந்துர்றேன்."

"பதினாலுக்குள்ள உன் படகு போவாது நசீர். தரை தட்டும். அப்புறம் ஏழு பேரைத் தூக்கணும்."

"சும்மா நிக்கச் சொல்றியா சார்? நோட்டப் பாத்துக்கினே நிக்கவா?" கத்தினான். துறையில் இருந்தவர்கள் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

அவன் கோபத்தில் நியாயம் இருந்தது. ஆனால் அவன் சொன்ன வழியில் இல்லை. "நிக்க வாணாம். பெரிய வாய்க்கால்ல பதினாலு வந்து சேர்ற எடத்துல நங்கூரம் போட்டு இரு. தண்ணி வாய்ப்பக்கம் இழுக்குது. அவுங்க படகு எதுனா அவுந்து வந்துச்சின்னா நீதான் புடிக்கணும். அதுக்கு உன்ன விட்டா ஆள் இல்ல." ஒரு நொடி என்னை முறைத்தான். பிறகு போனான்.

இறால் பிடிக்கும் அந்தப் பெண் வரப்பில் நின்றுகொண்டிருந்தார். தண்ணீர் வடிந்ததும் வேலையை விட்டுவிட்டு நேரே இங்கே வந்திருக்கிறார்.

"ஏன் சார், நோட்டுல தண்ணி இருக்குதா?"

"இல்லம்மா."

அந்தப் பதிலுக்குப் பிறகு அவர் கேலி செய்யவில்லை. "கரை வழியாப் போவலாம். சேத்து மேல நான் முட்டி போட்டுப் போயிருவேன். சாப்பாடு எடுத்துக்க. நீயும் வருவியா?"

"வருவேன்."

"அப்பப் பலக வேணும். பெருசா." சுற்றிப் பார்த்தார். துறை வாசலில் என் வரைபடப் பலகை நின்றது. ஆறடிக்கு மூன்றடி. இருபத்திரண்டு வாய்க்காலும் நீலத்தில், எண் வெள்ளையில், ஆழம் கட்டத்துக்குள் சிவப்பில். வரைய நாற்பது நாள் ஆனது. "அதப் புடுங்கு."

ஒரு நொடி தயங்கினேன். அதையும் சொல்லிவிட வேண்டும். அங்கே ஒருவருக்குக் கை நடுங்கிக்கொண்டிருந்தது, இங்கே நான் பெயிண்டைப் பற்றி யோசித்தேன். ஒரு நொடிதான். பிறகு கடப்பாறையை எடுத்தேன்.

ஐஸ் இறக்க வந்திருந்த குட்டியானையில் பலகையையும் சாப்பாட்டுப் பையையும் தண்ணீர்க் குடத்தையும் ஏற்றிக்கொண்டு இறால் குட்டைக் கரைக்குப் போனோம். பன்னிரண்டேகால். மரங்களுக்கு நடுவில் அவர்களுடைய ஆரஞ்சு மிதவைச் சட்டைகள் தெரிந்தன.

"நிக்காத சார். நின்னா முழுங்கிரும். படு. கையால துழாவு, காலால தள்ளு. நான் முன்னால போறேன், என் கயிறப் புடிச்சிக்க."

பலகை மேல் படுத்தேன். சாப்பாட்டுப் பை முதுகில் கட்டியிருந்தது, குடம் பலகையில் முன்னால். அவர் முட்டியை அகட்டி, உடம்பைப் பரப்பி, சேற்றின் மேல் ஊர்ந்து போனார், பறியின் கயிற்றுக்குப் பதில் என் பலகையின் கயிறு அவர் பல்லில். ஐம்பத்தைந்து வயதில் தவழ்ந்தேன். என் தாடைக்குக் கீழே என் கையெழுத்து: 'வாய்க்கால் 14, ஆழம் 1½ அடி.' அந்த எழுத்தின் மேல் சேறு ஏறி ஏறி வந்தது. நூற்றைம்பது அடிக்கு முப்பத்தைந்து நிமிடம்.

தனம் படகின் விளிம்பில் தலை சாய்த்திருந்தார். முகம் முழுக்க வேர்வை. அந்தப் பெண் பையை அவிழ்த்து முதலில் எடுத்தது சர்க்கரைப் பொட்டலம். எப்போது வாங்கினார் என்று எனக்குத் தெரியாது, டீக்கடையில் வாங்கியிருக்க வேண்டும்.

"வாயத் தொற அக்கா. இத முழுங்கு. அப்புறம் சோறு."

"எனக்குச் சர்க்கரை ஆகாதும்மா," என்றார் தனம், அந்த நிலையிலும்.

"இப்ப ஆவும். தொற."

ஆறு பேரும் ஒரு நொடி பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டார்கள். அன்றைக்கு அதுதான் முதல் சிரிப்பு. கால் மணியில் தனத்தின் கை நடுக்கம் நின்றது. எலுமிச்சைச் சோற்றைப் பிசைந்து சாப்பிடத் தொடங்கினார். 

மிச்ச நேரம் அவர்களோடுதான் இருந்தேன். ஒரு பலகை, மூன்று படகு, எட்டுப் பேர். அந்த நேரத்தில்தான் ரெஜினாவிடம் சொன்னேன். சொல்லாமல் இருந்திருக்கலாம். யாருக்கும் தெரிந்திருக்காது, அந்தப் பெண்ணும் காட்டிக்கொடுத்திருக்கமாட்டார்.

"மேடம், வாய வெட்டப் போறாங்கன்னு நேத்து சாயங்காலமே எனக்குத் தெரியும்."

ரெஜினா என்னைப் பார்த்தார். "தெரியுமா?"

"நோட்டுல எழுதிகூட வெச்சேன்."

"எழுதி வெச்சீங்க." துடுப்பை மடியில் குறுக்கே வைத்தார். "எங்ககிட்ட ஏன் சொல்லல சார்?"

அதற்குப் பதிலை இன்றைக்கு வரைக்கும் பதினேழு நோட்டிலும் தேடிப் பார்த்துவிட்டேன்.

நாலு மணிக்கு வாய்க்கால் நடுவில் ஒரு கோடு போலத் தண்ணீர் வந்தது. ஐந்து இருபதுக்கு முதல் படகு அசைந்தது. வெளியே பெரிய வாய்க்காலில் நசீர் அதே இடத்தில் நின்றிருந்தான், வெயிலில் முகம் கறுத்து. ஐந்து மணி நேரத்துக்கு மேல் நங்கூரத்தை எடுக்கவில்லை. எங்களைப் பார்த்ததும், "இன்னா சார், சேத்துல குளிச்சியா?" என்றான். அவ்வளவுதான் சொன்னான். ஆறு பேரும் இருட்டுவதற்கு முன் துறையில் கால் வைத்தார்கள்.

மறுநாள் பலகையைக் கழுவினேன். நீலமும் வெள்ளையும் நிறைய இடத்தில் தங்கியிருந்தன. சிவப்பில் எழுதிய ஆழம் பாதி உரிந்திருந்தது, மீதியை உளியால் நானே சுரண்டினேன். இருபத்திரண்டு கட்டமும் காலியாயின. அதே வாரம் நான், நசீர், அந்தப் பெண் மூன்று பேரும் உட்கார்ந்து முடிவு செய்தோம்: காலை ஆறு மணிக்கு ஒருவர் சைக்கிளில் வாய் வரைக்கும் போய்க் கண்ணால் பார்க்க வேண்டும். வழியில் எதிர்ப்படும் மீனவரிடமோ இறால் பிடிப்பவரிடமோ ஒரு வார்த்தை கேட்க வேண்டும். திரும்பி வந்து கோலைப் பார்த்து, அந்தக் கட்டங்களில் சாக்பீஸால் எழுத வேண்டும். அதற்குப் பிறகுதான் படகு இறங்கும். நீங்கள் நேரம் வீண் என்று சொல்கிற அந்தச் சைக்கிள் பயணம் அப்படி வந்தது.

ரெஜினா இனி வரமாட்டார் என்று நினைத்தேன். மழைக்காலம் முடிந்ததும் ஒரு நாள் காலை ஏழு மணிக்கே வந்தார், அதே ஐந்து பேரோடு. தனம் இடுப்பில் ஒரு டப்பா கட்டியிருந்தார். "சோறு சார்," என்று தட்டிக் காட்டினார். மிதவைச் சட்டையை நீட்டினேன். ரெஜினா வாங்கவில்லை. நேராகப் பலகையின் முன்னால் போய் நின்றார். கட்டங்கள் காலியாக இருந்தன.

"இன்னிக்கு வாய் பாத்தாச்சா சார்?"

"நசீர் போயிருக்கான் மேடம்."

"சரி. அவர் வரட்டும்." பெஞ்சில் உட்கார்ந்தார். ஐந்து பேரும் பக்கத்தில் உட்கார்ந்தார்கள். இருபது நிமிடம் கழித்து நசீர் வந்து, சைக்கிளைச் சாய்த்து, வேர்வையைத் துடைத்துக்கொண்டு எழுதினான். ஒவ்வொரு எண்ணையும் ரெஜினா வாய்விட்டுப் படித்தார். கடைசி எண்ணையும் படித்த பிறகு சட்டைக்குக் கை நீட்டினார்.

புதுப் பலகை வையுங்கள். என் பலகையில் கீறல் அதிகம், எழுத்தும் மங்கிவிட்டது. வாய்க்கால், எண், திசை எல்லாவற்றையும் நல்ல பெயிண்டில் எழுதுங்கள், இரண்டு பக்கமும். ஆழத்துக்கு இருபத்திரண்டு கட்டம் போட்டுக் காலியாக விடுங்கள். தினமும் காலையில் போய்ப் பாருங்கள், கேளுங்கள், வந்து எழுதுங்கள். வருகிறவர்களிடம் வாய்விட்டும் சொல்லுங்கள்.

சாயங்காலம் துறையைப் பூட்டுவதற்கு முன் அழித்துவிடுங்கள்.